ஜப்பானியம் பேச வருகிறது, ஆனால் ஒட்டவில்லை: என்ன குறை?

கேள்வி இதுதான்: "ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் (ஜே.எல்.பி.டி.) என்3 நிலையில் தேர்ச்சி பெற்றுவிட்டேன். அடுத்த வருடம் ஜப்பானில் வேலைக்குப் போகிறேன். வாரம் ஒருமுறை ஒரு ஜப்பானியரோடு காணொளியில் பேசிப் பழகுகிறேன். 'இலக்கணம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏதோ இடிக்கிறது' என்கிறார். என்ன இடிக்கிறது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. இலக்கணத்தையும் சொற்களையும் தவிர வேறு எதைப் பழக வேண்டும்?"

அவருக்குச் சொல்லத் தெரியாததில் ஆச்சரியமே இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் ஏன் "போறேன்" என்று சொல்வதில்லை என்று ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டால் நமக்கும் சட்டென்று விளக்கம் வராது. ஆனால் அவர் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினால் நமக்குச் சுருக்கென்று இருக்கும். ஜப்பானியர்களும் கிளம்பும்போது "இத்தெகிமாஸ்" என்பார்கள். சொல்லுக்குச் சொல் "போயிட்டு வரேன்" என்பதேதான். வீட்டில் இருப்பவர் "இத்தெராஷ்ஷாய்" என்பார், போயிட்டு வா. இப்படி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சிலவற்றை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். வேறு சிலவற்றை விமானம் ஏறும் முன்பே இறக்கி வைத்துவிட வேண்டும். எது எது என்று, நாகோயா பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் எழுதிய தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது. 1984-இல் தொடங்கி, 2010-இல் என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகளாக மாற்றியமைத்த பிறகும், அந்தத் தேர்வில் சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டுப் புரிதல் இவ்வளவுதான். வாயைத் திறக்காமலே உச்ச நிலையான என்1 வாங்கிவிடலாம். அதனால் உங்களிடம் குறை இருப்பதாக நினைக்காதீர்கள். இந்தப் பாடத்தை யாரும் உங்களுக்கு நடத்தவே இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, தமிழர்களுக்கே உள்ள சிக்கல். "தனாகா-சான் நி ஹொன் ஓ அகெமஷ்த" என்பதை "தனாகாவுக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்" என்று இடம் மாற்றாமல் அப்படியே தமிழாக்கிவிடலாம். "சான்" பெயருக்குப் பின்னால் வரும் மரியாதை ஒட்டு, "நி" நம்முடைய "உக்கு", "ஓ" நம்முடைய "ஐ", வினை கடைசியில். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த வரிசைக்கே மாதக்கணக்கில் திணறும்போது நாம் சரசரவென்று வாக்கியம் அமைத்துவிடுவோம். இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று ஓனோ சுசுமு என்ற ஜப்பானியப் பேராசிரியர் வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், வாக்கிய வரிசை ஒத்துப்போவது நமக்கு லாபம். சிக்கல் என்னவென்றால், வாய் மூன்றே மாதத்தில் ஜப்பானியம் பேசத் தொடங்கிவிடும், தலையும் கையும் தமிழிலேயே பேசிக்கொண்டிருக்கும்.

தலை என்று சும்மா சொல்லவில்லை. நான் போய்ச் சேர்ந்த முதல் மாதம் நடந்தது இது. என் சீனியர் ஒரு சோதனை அறிக்கையை நீட்டி, "இதை நாளைக்குள் முடிக்க முடியுமா?" என்றார். நான் சிரித்த முகமாக, நம் ஊர்ப் பாணியில் தலையை இருபக்கமும் மெல்ல ஆட்டினேன். சரிங்க, முடிச்சிடலாம் என்று அர்த்தம். அவர் முகம் மாறியது. "கஷ்டமா இருக்குமோ?" என்றார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று காட்ட இன்னும் கொஞ்சம் உற்சாகமாக ஆட்டினேன். "சரி, பரவாயில்லை" என்று அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டார். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. பல வாரம் கழித்துத்தான் புரிந்தது. ஜப்பானில் தலையைப் பக்கவாட்டில் சாய்ப்பதற்குத் தனிப் பெயரே உண்டு, "குபி ஓ கஷிகெரு". சந்தேகமாக இருக்கிறது, ஒத்துவரவில்லை, புரியவில்லை என்பதற்கு அடையாளம் அது. "முடியுமா" என்று கேட்டவருக்கு நான் இரண்டு தடவை "எனக்கு நம்பிக்கையில்லை" என்று பதில் சொல்லியிருக்கிறேன், அதுவும் பல்லைக் காட்டிக்கொண்டு.

ஆகவே முதல் வேலை, தலை மேலும் கீழும் மட்டும் அசையட்டும். கண்ணாடி முன் நின்று பழகினால் போதாது, ஏனென்றால் கண்ணாடிக்கு முன்னால் யாரும் அப்படி ஆட்டுவதில்லை. அந்த நண்பரோடு பேசுவதை ஒருமுறை பதிவு செய்து, ஒலியை நிறுத்திவிட்டு உங்கள் படத்தை மட்டும் பாருங்கள். உங்களுக்கே சிரிப்பு வரும். இடிக்கிறது என்று அவர் சொன்னதில் பாதி அங்கேயே கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதி, நீங்கள் கேட்கும் முறை. ஜப்பானியத்தில் கேட்கிறவர் சும்மா இருக்கக் கூடாது. எதிராளி பேசப் பேச "ஹை", "ஏஏ", "ஸோ தெஸு கா", "ஹேஏ" என்று இடையிடையே ஒலி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு "ஐஸுச்சி" என்று பெயர். கொல்லன் பட்டறையிலிருந்து வந்த சொல். காய்ந்த இரும்பை ஆசாரி ஓர் அடி அடிக்க, எதிரே நிற்கிற உதவியாள் அடுத்த அடி அடிப்பார். அந்த மாற்றுச் சுத்தியல்தான் ஐஸுச்சி. எதிர் அடி விழாவிட்டால் ஆசாரியின் கை தடுமாறும். பேச்சும் அப்படியே.

இது நமக்குத் தெரியாததா என்ன? பாட்டி கதை சொல்லும்போது "உம்" கொட்டாவிட்டால் "தூங்கிட்டியா?" என்று கதையை நிறுத்திவிடுவாள். அதே உம் கொட்டுதல்தான். ஆனால் நாம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் அதை மறந்துவிடுகிறோம். பெரியவர் பேசும்போது வாயைப் பொத்திக்கொண்டு கேட்பதுதான் மரியாதை என்று ஆகிவிடுகிறது. அந்த மரியாதையோடு நான் முதல் தடவை ஒரு ஜப்பானிய வாடிக்கையாளரின் தொலைபேசியை எடுத்தேன். அவர் பேச, நான் மூச்சுவிடாமல் குறிப்பெழுத, இருபது விநாடிக்கு ஒருமுறை அந்தப் பக்கத்திலிருந்து "மொஷி மொஷி? கேட்கிறதா?" என்று வந்தது. மூன்றாவது முறை, லைன் சரியில்லை என்று நினைத்து அவரே வைத்துவிட்டார். லைனில் கோளாறு எதுவும் இல்லை. என்னிடமிருந்து சுத்தியல் விழவில்லை.

எங்கே உம் கொட்டுவது என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. பேசுகிறவரே இடம் விட்டுத்தான் பேசுவார். "...தெஸு நே", "...ந் தெஸு கெதோ", "...கரா" என்று ஒரு துண்டு முடிந்து குரல் கொஞ்சம் இழுபடும். நாம் "அது வந்துங்க...", "பார்த்தீங்கன்னா..." என்று இழுக்கிறோமே, அது மாதிரி. அந்த இழுப்பில்தான் உங்கள் தலையசைப்பும் "ஹை"யும் விழ வேண்டும். வாக்கியம் முழுவதும் முடியட்டும் என்று காத்திருந்தால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். சொல்லை இடுப்பளவு தண்ணீரில் பந்தை அமுக்குவது போல அமுக்கி, குரலைத் தாழ்த்திக் கொடுங்கள். இல்லாவிட்டால் பேச்சைப் பிடுங்குவதாகத் தோன்றும். "உன்" என்பது நண்பர்களுக்கு, வீட்டுக்கு. மேலதிகாரியிடம் "ஹை". அதையும் "ஹை ஹை" என்று இரட்டிக்காதீர்கள், "சரி சரி, தெரியும்" என்று எரிச்சல்படுவதாக ஆகிவிடும். "ஹை ஒரு தடவை போதும்" என்று அங்கே அம்மாக்கள் பிள்ளைகளைக் கடிந்துகொள்வது வழக்கம். "நருஹொதோ", அதாவது "ஓ, அப்படியா விஷயம்" என்பதை மேலிடத்தில் தவிர்ப்பது நல்லது. மாணவனின் விடையை வாத்தியார் ஆமோதிப்பது போன்ற தொனி அதற்கு வந்துவிடுகிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த "ஹை" சம்மதம் அல்ல. "காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள்" என்பதுதான். அரைமணி நேரம் "ஹை, ஹை" என்று கேட்டுவிட்டுக் கடைசியில் "வேண்டாம்" என்றால், ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்பும் நம்மூர் விற்பனைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் ஏமாற்றவில்லை. பாட்டிக்கு உம் கொட்டிய பிள்ளை, ராஜா செய்தது சரி என்று கையெழுத்தா போட்டது?

உம் கொட்டலாம், உச்சுக் கொட்டக் கூடாது. "அடடா, பாவமே" என்று நாவை "ச்சு ச்சு" என்று சொடுக்குவது நமக்கு இரக்கம். அங்கே நாவைச் சொடுக்குவது பச்சை எரிச்சல், "ஷிதஉச்சி" என்று பெயர், சண்டைக்கு இழுக்கிற சமாச்சாரம். மழையில் நனைந்து வந்த சக ஊழியரைப் பார்த்து நீங்கள் பரிவோடு "ச்சு ச்சு" என்றால், தாமதமாக வந்ததற்கு நீங்கள் கடுப்பாகிவிட்டதாக அவர் நினைப்பார்.

அடுத்தது மறுப்பு. "முடியாது" என்ற சொல்லை நீங்கள் அபூர்வமாகத்தான் கேட்பீர்கள். "அது ச்சொத்தோ..." என்று ஆரம்பித்து வாக்கியம் அந்தரத்தில் நின்றுவிடும். "அது கொஞ்சம்..." என்பதுதான் பொருள். மீதி வராது. கூடவே சில உடல் அடையாளங்கள்: பல்லிடுக்கில் "ஸ்ஸ்ஸ்" என்று மூச்சை உள்ளே இழுப்பது, பிடரியில் கை வைப்பது, நான் மேலே சொன்ன தலைச் சாய்ப்பு. இவற்றில் ஒன்று வந்தாலே விஷயம் முடிந்தது. அந்த இடத்தில் "கொஞ்சம் என்ன? என்ன பிரச்சினை?" என்று துருவக் கூடாது. நீங்களே "ஓ, சரி, இன்னொரு சமயம் பார்க்கலாம்" என்று கதவைத் திறந்துவிட வேண்டும். "முஸுகஷீ தெஸு நே" என்றால் "கஷ்டம்தான்" என்று தமிழில் நம்பிக்கையோடு படிக்காதீர்கள், அது "இல்லை". "கென்தோ ஷிமாஸ்" என்றால் "பரிசீலிக்கிறோம்". நம் ஊரில் பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்பார்களே, அதே பரிசீலனை.

இதை உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுதல் என்று நம் ஆட்கள் சீக்கிரம் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். "ஹொன்னே" (மனதில் இருப்பது), "ததெமாயெ" (வெளியே காட்டுவது) என்ற இரண்டு சொற்களை எங்கேயோ படித்துவிட்டு, ஜப்பானியர் எல்லோரும் வேஷம் போடுகிறார்கள் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டவரிடம் "பார்க்கலாங்க, அவசியம் வரப் பார்க்கிறேன்" என்று நாம் சொல்லும்போது, கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் இதை இன்னும் அதிகமான இடங்களில் செய்கிறார்கள், அவ்வளவே. கியோத்தோ நகரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. விருந்தாளியிடம் "ஒரு வாய் தேநீர்ச் சோறு சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "நேரமாகிறது, கிளம்புங்கள்" என்று அர்த்தமாம். ராகுகோ என்ற நகைச்சுவைக் கதைமரபில் வரும் சமாச்சாரம் அது. நிஜத்தில் அப்படிக் கேட்கிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இந்தக் குறிப்பறிதலுக்கு அவர்கள் சொல்லும் பெயர் "கூகி ஓ யொமு", காற்றை வாசிப்பது. வாசிக்கத் தெரியாதவரைக் "கூகி யொமெனாய்" என்பார்கள். அதையும் சுருக்கி "கேவாய்" என்ற இரண்டு ஆங்கில எழுத்தாக்கியது 2007 வாக்கில் பெரிதாகப் புழங்கியது. வெளிநாட்டவருக்கு இதில் நிறையச் சலுகை உண்டு, பயப்பட வேண்டாம். ஆனால் ஒரே ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் சட்டென்று அமைதி விழுந்தால் அதை நிரப்ப முந்தாதீர்கள். நமக்கு மூன்று விநாடி மௌனம் என்றாலே கை பரபரக்கும். அங்கே கையைக் கட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர் யோசித்துக்கொண்டிருப்பார். (தூங்கிக்கொண்டும் இருப்பார். ஒன்பது வருடத்தில் எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை.) உண்மையான முடிவுகள் பெரும்பாலும் கூட்டத்துக்கு முன்பே, ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசி எடுத்தாகிவிட்டிருக்கும். அதற்கு "நெமவாஷி" என்று பெயர். மரத்தை இடம் மாற்றி நடும் முன் தோட்டக்காரர் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்துவதைக் குறிக்கும் சொல். ஆகவே உங்கள் அருமையான யோசனையைக் கூட்டத்தில் முதல்முறையாக அவிழ்த்துவிடாதீர்கள். முந்தின நாள் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவிழ்த்துவிடுங்கள்.

இனி, மரியாதைச் சொற்களில் தமிழன் கட்டாயம் விழும் ஒரு குழியைச் சொல்லிவிடுகிறேன். நமக்கு மேலதிகாரி எங்கும் மேலதிகாரிதான். வெளியாளிடமும் "எம்.டி. சார் வெளியே போயிருக்காங்க" என்போம். ஜப்பானியத்தில் இது தலைகீழ். அலுவலகத்துக்குள் அவர் "தனாகா புச்சோ", துறைத் தலைவர். வெளி நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தால் அவர் வெறும் "தனாகா". "சான்" கூடக் கிடையாது, "தனாகா இப்போது இருக்கையில் இல்லை" என்று தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும். வெளியாள் முன்னால் நம் பக்கத்தார் எல்லோரும் நம்மோடு சேர்ந்து தாழ்ந்துவிட வேண்டும் என்பது கணக்கு. எனக்கு நாக்கு எழவே இல்லை. ஐம்பத்தைந்து வயதுக்காரரை, பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருக்கும்போது, அவன் இவன் என்பது மாதிரி இருந்தது. முதல் மாதம் "சான்" போட்டுத்தான் பேசினேன். அவரே கூப்பிட்டு, "நீ என்னை உயர்த்தினால் வாடிக்கையாளரைத் தாழ்த்துகிறாய்" என்று விளக்கிய பிறகுதான் வழிக்கு வந்தது. உங்கள் அப்பாவைப் பற்றிப் பேசும்போது "சிச்சி", எதிராளியின் அப்பா என்றால் "ஒதோஸான்". அதே கணக்கு. உங்கள் பெயரோடு நீங்களே "சான்" சேர்க்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் பதற்றத்தில் எல்லோரும் ஒருமுறை சேர்ப்போம்.

பாடப்புத்தகத்தில் "நீங்கள்" என்பதற்கு "அனாதா" என்று இருக்கும். அதை மறந்துவிடுங்கள். முகத்துக்கு நேரே பேசும்போதும் பெயரையோ பதவியையோதான் சொல்ல வேண்டும். "தனாகா-சான் மதியம் சாப்பிட்டாயிற்றா?" என்று தனாகாவிடமே கேட்பது. நாமும் "சார் சாப்பிட்டாச்சா?", "அக்கா எப்ப வந்தீங்க?" என்று கேட்கிறவர்கள்தானே, இது எளிதாக வரும்.

குனிவதைப் பற்றி நிறையப் பயமுறுத்துவார்கள். பதினைந்து பாகை, முப்பது பாகை, நாற்பத்தைந்து பாகை என்று பயிற்சி வகுப்புகளில் படம் போட்டுக் காட்டுவது உண்மைதான். வழியில் எதிர்ப்பட்டால் முதலாவது, வாடிக்கையாளருக்கு இரண்டாவது, மன்னிப்புக்கும் பெரிய நன்றிக்கும் மூன்றாவது. நடைமுறையில் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். கழுத்து மட்டும் தொங்காமல் இடுப்பிலிருந்து முதுகு நேராக வர வேண்டும். சொல்லும் குனிதலும் ஒன்றாக நடக்கக் கூடாது. முதலில் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், பிறகு குனியுங்கள். தரையிடம் நன்றி சொல்வது போல இருக்கக் கூடாது. கையைக் கூப்பாதீர்கள். நமக்கு வணக்கம், அவர்களுக்குக் கைகூப்புதல் கோயிலிலும் கல்லறையிலும் சாப்பாட்டுக்கு முன்னும் செய்வது, இல்லாவிட்டால் "தயவு பண்ணுங்க" என்று கெஞ்சுவது. தொலைபேசியில் பேசிக்கொண்டே காற்றுக்குக் குனிகிறவர்களைப் பார்த்து முதலில் சிரிப்பீர்கள். ஆறு மாதத்தில் நீங்களும் குனிவீர்கள், குனிந்தால்தான் குரலில் அந்தப் பணிவு வருகிறது என்பதையும் கண்டுபிடிப்பீர்கள்.

கையில் சில விஷயங்கள் நமக்குச் சாதகம். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து "வா" என்று கூப்பிடுவது இருவருக்கும் ஒன்றே, மேல்நாட்டார்தான் குழம்புவார்கள். "நானா?" என்று கேட்க நாம் நெஞ்சைத் தொடுவோம், அவர்கள் ஆள்காட்டி விரலால் மூக்கைக் காட்டுவார்கள். முகத்துக்கு முன்னால் ஈ ஓட்டுவது போலக் கையை வீசினால், நாற்றம் அடிக்கிறது என்று அர்த்தமில்லை, "சேச்சே, அப்படியெல்லாம் இல்லை" என்று அடக்கமாக மறுக்கிறார். இரண்டு பேர் நடுவில் புகுந்து போகும்போது கையைக் கத்திபோல் நீட்டி லேசாக வெட்டியபடி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு போவார்கள். சூமோ மல்யுத்த வீரர் பரிசுப் பணத்தை வாங்கும்போது செய்யும் கைவீச்சும் இதே ஜாதிதான், "தெகதானா" என்பார்கள். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் ரயிலில் தன்னியல்பாகச் செய்துவிட்டால், பக்கத்திலிருப்பவர் உங்களை உள்ளூர் ஆளாகவே எண்ணி ஜப்பானியத்தில் பேச ஆரம்பித்துவிடுவார். ஆனால் தோளில் கை போடுவது, பேசும்போது கையைப் பிடித்துக்கொள்வது, முழங்கையால் இடிப்பது, இவை வேண்டவே வேண்டாம். ரயிலுக்குள் தொலைபேசியில் பேசுவதும்.

உட்காரும் இடத்திலும் ஒரு பேச்சு இருக்கிறது. கதவிலிருந்து தூரமான இடம் "காமிஸா", மேலிடம். கதவோரம் "ஷிமோஸா", புதியவருக்கு. நீங்கள் புதியவர், எனவே கதவோரம் போய் நில்லுங்கள், உட்காரச் சொல்லும் வரை. டாக்சியில் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கைதான் உசத்தி, முன்னிருக்கை கடைசி. நம் ஊரில் பெரியவரை மரியாதையாக முன்னால் உட்கார வைப்போம். அதே பழக்கத்தில் நம் ஆள் ஒருவர் ஜப்பானிய மேலாளருக்கு டாக்சியின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மேலாளர் ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்து, வழியெல்லாம் ஓட்டுநருக்கு வழி சொல்லிக்கொண்டும், இறங்கும்போது பணம் கொடுத்துக்கொண்டும் வந்தார். முன்னிருக்கையின் வேலை அது.

முகவரி அட்டை நீட்டுவது, பீர் ஊற்றுவது, காலணி கழற்றுவது பற்றியெல்லாம் எங்கு வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், நான் நீட்டவில்லை. அட்டையை இரண்டு கையால், எழுத்து அவரைப் பார்த்தபடி, அவர் அட்டையை விடக் கொஞ்சம் தாழ்வாக நீட்டுங்கள். வாங்கியதைப் பின்பாக்கெட்டில் செருகி அதன்மேல் உட்காராதீர்கள். குடிக்காதவர் என்றால் முதலிலேயே சொல்லிவிட்டு ஊலாங் தேநீரைக் கையில் எடுங்கள், ஆனால் "கம்பாய்" சொல்லிக் கோப்பையை உயர்த்தாமல் எதையும் தொடாதீர்கள். உங்கள் கோப்பையை விட எதிரிலிருப்பவர் கோப்பை காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே பேச்சு. சாப்பாட்டுக் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தாதீர்கள், இறந்தவர் தலைமாட்டில் வைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள். குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றாதீர்கள், தகனம் முடிந்து எலும்பைப் பொறுக்கும்போது செய்வது அது. வாய்க்கரிசி போடுகிற மாதிரி ஒருவர் நம் விருந்தில் விளையாட்டு காட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

நன்றி சொல்வதில் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நெருக்கமானவருக்கு நன்றி சொன்னால் அந்நியப்படுத்துவது போல நமக்குத் தோன்றும். "என்னப்பா, தேங்க்ஸெல்லாம் சொல்ற?" என்பார்கள். அங்கே நன்றி ஒருமுறை சொன்னால் முடிவதில்லை. வெள்ளிக்கிழமை ஒருவர் உங்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார், அப்போதே "கொச்சிஸோஸமா" சொன்னீர்கள். திங்கட்கிழமை பார்த்ததும் முதல் வார்த்தையாக "அன்றைக்கு ரொம்ப நன்றி" என்று மறுபடி சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது நன்றிதான் முதலாவதை உண்மையாக்குகிறது. இது தெரியாமல் எனக்கு நன்றாக உதவிய ஒரு பக்கத்து வீட்டு அம்மாவிடம் நான் பல மாதம் நன்றி கெட்டவனாகவே உலவியிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். அதனால் "சுமிமசென்" என்ற சொல்லைத் தாராளமாகச் செலவழியுங்கள். மன்னிப்பு, நன்றி, "கொஞ்சம் இங்கே பாருங்க" மூன்றுக்கும் அது செல்லும். யாராவது லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டால் "அரிகாதோ" என்பதை விட "சுமிமசென்"தான் முதலில் வரும், உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேனே என்று. வேலை முடிந்து கிளம்பும்போது "ஒஸாகி நி ஷித்ஸுரேய் ஷிமாஸ்", உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னிக்கவும். அதற்குப் பதில் "ஒத்ஸுகரேஸமா". "கொகுரோஸமா" என்றும் ஒன்று உண்டு, மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொல்வது. அதைத் தவறிக்கூட மேலாளரிடம் சொல்லாதீர்கள், முதலாளி தோளில் தட்டி "நல்லா வேலை செஞ்சேப்பா" என்ற மாதிரி இருக்கும்.

எப்படிப் பழகுவது என்றும் கேட்பீர்கள். ஜப்பானிய பல்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பாருங்கள். படம் ஓடும்போது மூலையில் ஒரு சிறு சட்டத்தில் அரங்கிலிருக்கும் பிரபலங்களின் முகம் தெரியும், அதை "வைபு" என்பார்கள், ஆங்கில "வைப்" (wipe) என்ற சொல்தான். அவர்கள் வேலையே வியப்பது, தலையசைப்பது, "ஹேஏ" என்று இழுப்பது, கண்ணைச் சுருக்குவது. பெரிய படத்தை விட்டுவிட்டு அந்தச் சின்னச் சட்டத்தை மட்டும் பத்து நிமிடம் பார்த்து, கூடவே செய்யுங்கள். இதை விட நல்ல ஐஸுச்சி வகுப்பு காசு கொடுத்தாலும் கிடைக்காது. அப்புறம் உங்கள் நண்பரிடம், அடுத்த முறை அவரே பதினைந்து நிமிடம் பேசட்டும், நீங்கள் உம் மட்டும் கொட்டுவதாகச் சொல்லுங்கள். எங்கே தடுமாறினார் என்று கேளுங்கள். இந்த முறை அவரால் சொல்ல முடியும்.

எல்லாம் பழகிவிடும், தலையாட்டலைத் தவிர. எனக்கு அது இன்னும் முழுசாகப் போகவில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பினால் இரண்டு வாரத்துக்கு மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். அந்த இரண்டு வாரமும் அதே சீனியர், வேலையை நீட்டியபடி, என் தலை நிற்கும் வரை பொறுத்திருந்து, "இது இந்திய 'ஹை'யா, ஜப்பானிய 'இல்லை'யா?" என்று கேட்டுவிட்டுத்தான் காகிதத்தைக் கையில் கொடுப்பார்.